பாண்டிச்சி

பதினோராம் வகுப்புக்குப் பொருளியல் நடத்துகிறவள் நான். ஆண்டுதோறும் ஒரு பாடம் வரும்போது மட்டும் எனக்கு வாய் கசந்துவிடும். புதிதாக விடுதலை பெற்ற நாடு ஆலைகளைக் கட்டியது, அணைகளைக் கட்டியது, இருப்புப்பாதைகளை நீட்டியது, சரக்கு நகர்ந்தது, சரக்கு நகர்ந்ததால் நாடும் நகர்ந்தது என்கிற பாடம். பொய்யென்று சொல்லிவிட முடியாது. பருத்தி விளையாத ஊரில் பஞ்சாலை ஓடியதும், நெல் விளையாத மலையில் அரிசிச் சோறு வெந்ததும் ரயிலால்தான். நானும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்ளும். நாடு நகர்ந்தபோது யார் யார் மேல் ஏறி நகர்ந்தது என்று இதுவரை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்து பார்த்துவிட்டேன். இனிக் கேட்கப் போவதில்லை, நானாகவே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் தென்காசியில் இருந்தோம். வாசலில் நின்றாலே பெரிய கோயில் கோபுரம் தெரியும். அப்பா ஓர் அரிசி ஆலையில் வாட்ச்மேன். லாரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். வீட்டிலும் அவருக்கு அதே வேலைதான். யார் வந்து என்ன சொன்னாலும் வழியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வார். குடும்பத்தை நடத்தியவள் அம்மா.

அம்மாவுக்குக் காய்கறி வியாபாரம். வியாபாரம் என்றதும் கடை, கல்லாப்பெட்டி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பெரிய கூடை, ஒரு சும்மாடு, ஒரு கைத்தராசு, அவ்வளவுதான் கடை. விடிவதற்குள் சந்தையில் காய் எடுத்து, அதே தொழில் செய்கிற வேறு சில பெண்களோடு லோடு ஆட்டோவில் செங்கோட்டை ஸ்டேஷனுக்குப் போவாள். மலையைத் தாண்டிக் கேரளாவுக்குப் போகிற சின்ன வண்டி அங்கிருந்துதான் புறப்படும். மீட்டர் கேஜ் வண்டி. முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் ஓர் எஞ்சின் தள்ள, முக்கி முனகி மலையேறி, குகைக்குள் புகுந்து, ஆரியங்காவு, தென்மலை என்று நின்று நின்று புனலூரில் கொண்டுபோய் விடும். கதவோரத் தரை முழுக்கக் கூடைகள்தான். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கத்திரிக்காய், மல்லித்தழை. ஏறுகிறவர்கள் கூடைகளைத் தாண்டித்தான் ஏற வேண்டும். அந்த வண்டியை அந்தப் பெண்களுக்காகவே விட்டிருக்கிறார்கள் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புனலூரில் அம்மாவுக்கென்று சில தெருக்கள் உண்டு. அந்தத் தெருக்களில் அம்மாவுக்கென்று சில வீடுகள். மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாகத் தள்ளித் தள்ளி இருக்கிற வீடுகள். மத்தியானத்துக்குள் கூடை காலியாகிவிடும். திரும்பும்போது அதே கூடையில் மரச்சீனிக்கிழங்கோ பலாப்பழமோ வாங்கி வந்து இங்கே சந்தையில் தள்ளிவிடுவாள். போகும்போதும் சரி, வரும்போதும் சரி, கூடை சும்மா வரக் கூடாது அவளுக்கு. அந்த வீடுகளைப் பற்றிப் பேசும்போது வயற்காட்டுக்காரர்கள் வயலைப் பற்றிப் பேசுகிற தோரணை வந்துவிடும். "எனக்கு அங்கன வீடு கெடக்கு" என்பாள். முதல்முறை கேட்கிறவர்கள் நிஜமாகவே இவளுக்குக் கேரளாவில் சொத்து இருக்கிறதோ என்று திகைப்பார்கள்.

அஞ்சாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் ஒருநாள் பிடிவாதம் பிடித்து அம்மாவோடு போனேன். குகைக்குள் வண்டி நுழைந்ததும் எல்லாரும் கூச்சல் போட்டார்கள், நானும் போட்டேன். புனலூரில் இறங்கி முதல் தெருவில் திரும்பியதும் ஒரு வீட்டு கேட்டில் ஆடிக்கொண்டிருந்த பையன் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினான்.

"அம்மே, பாண்டிச்சி வந்நு."

அடுத்த வீட்டிலும் அதே பெயர். அதற்கடுத்த வீட்டில் ஒரு கிழவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே உள்ளே பார்த்துச் சொன்னார், பாண்டிச்சி வந்திருக்கிறாள் என்று. தெரு முழுக்க அம்மாவுக்கு அதுதான் பெயர். அவளுடைய சொந்தப் பெயரை அங்கே ஒருவருக்கும் தெரியாது.

எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏனென்றால் அந்த வருஷம்தான் வாத்தியார் வகுப்பில் சொல்லியிருந்தார், எங்கள் ஊர்க் கோயிலைக் கட்டியவன் பாண்டிய மன்னன், மதுரையை விட்டு வந்த பாண்டியர்கள் கடைசியில் தென்காசியில் இருந்துதான் ஆண்டார்கள் என்று. தென்காசிக்காரர்களே அதை மறந்துவிட்டு வடை தின்றுகொண்டிருக்க, மலைக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் மறக்காமல் எங்கள் அம்மாவைப் பாண்டியர் குலத்துப் பெண்ணாகவே நடத்துகிறார்கள். வேறு எப்படி அதை நான் புரிந்துகொள்வது? தலையில் கூடையைச் சரிசெய்துகொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"எம்மா, ஒன்ன ஏன் எல்லாரும் பாண்டிச்சிங்காவ?"

"நாம பாண்டி நாட்டுக்காரவுகல்லா. அதான்" என்றாள்.

அவ்வளவு போதுமானதாக இருந்தது. அந்தத் தெருக்களில் கடைசி வீடு ஒரு ரிட்டயர்டு பள்ளி ஆசிரியையுடையது. அம்மா டீச்சர் என்று கூப்பிடுவாள். டீச்சர் எங்களை முற்றத்தில் நிற்க வைத்தே கஞ்சியும் பயறும் கொடுத்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. ஆனால் அம்மா ஒருநாள் வராவிட்டால் மறுநாள் என்ன ஆயிற்று என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தானாம். முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்து எடுத்துக்கொண்டே, பாண்டிச்சியின் மகளுக்குப் படிப்பு எப்படி என்று விசாரித்தார். அந்த லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் நான் செய்த முதல் காரியம், என் அம்மாவுக்குக் கேரளாவில் உள்ள பட்டத்தை வகுப்பு முழுவதற்கும் அறிவித்ததுதான். பெஞ்சில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்தது.

இனி சித்தப்பா. அப்பாவுடைய தம்பி. காலேஜ் முடித்தவர், எங்கள் வீட்டு ஆட்களில் பேண்ட் போட்ட முதல் ஆள். புளியறையில், கேரளாவுக்குப் போகிற லாரிகள் செக்போஸ்டுக்கு வரிசை கட்டி நிற்கிற இடத்தில், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். ஆபீஸ் என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, இரண்டு செல்போன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து அண்ணியான அம்மாவை மைனி மைனி என்று கூப்பிட்டு, தோசை தின்றுகொண்டே நாட்டை முன்னேற்றுவார்.

"இந்தத் தண்டவாளத்த வெள்ளக்காரன் எதுக்குப் போட்டாம்னு நெனைக்கிய? தேயிலையும் முந்திரியும் கொண்டு போவ. சுதந்திரம் வாங்கி நாம என்ன செஞ்சோம்? அதே தண்டவாளத்துல கூடைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கோம். அகலப் பாத வரட்டும் மைனி. ஒரு சரக்கு வண்டியில ஒரு ஊரையே ஏத்தலாம்."

"அப்பம் எங்க கூடைய எங்கன தம்பி வைக்க?" என்று கேட்டாள் அம்மா, தோசையைத் திருப்பிப் போட்டபடி.

"பெரிய வண்டி மைனி. எடத்துக்கா பஞ்சம்?"

அம்மா நம்பினாள். அம்மா மட்டுமல்ல, கூடைக்காரப் பெண்கள் எல்லாரும் நம்பினார்கள். பெரிய வண்டி வந்தால் பெரிய கூடையாகப் பின்னச் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். சின்ன வண்டியை நிறுத்தப் போகிறார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்து அகலமாகப் போடப் போகிறார்கள் என்று செய்தி உறுதியானபோது யாரும் பதறவில்லை. கொஞ்ச நாளைக்குத்தானே என்றார்கள். படித்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், படிக்காதவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஊரே ஒற்றுமையாக இருந்தது.

அந்தக் கடைசி வாரங்களில் சித்தப்பாவுக்குச் சின்ன வண்டி மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. "நிப்பாட்டுததுக்கு முன்ன ஒரு வாட்டி போய்ட்டு வாரேன் மைனி" என்று அம்மாவோடு கிளம்பினார். ஒரு வாட்டி என்றது பல நாள் ஆயிற்று. புனலூரில் இறங்கியதும் அம்மாவின் தலையிலிருந்து கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்வாராம். பேண்ட் போட்ட ஆள், அதுவும் கொழுந்தன், தலையில் காய்க்கூடை. அம்மாவுக்குச் சொல்லி மாளவில்லை. முதல் நாள் சாயங்காலமே அப்பாவிடம், "எங்கூடப் பெறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் அவரைக் காட்டி, எங்க கொழுந்தனார் என்று அறிமுகம் செய்திருக்கிறாள். இந்த வீட்டுக்கு எது ஆகும், எது ஆகாது, அந்த வீட்டுக்கு எந்தக் கிழமை போகக் கூடாது என்று அவர் அக்கறையாகக் கேட்கக் கேட்க, இவளும் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கூடையை வாங்கியவர் வேறு எதையெல்லாம் வாங்கிக்கொண்டார் என்று எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சித்தப்பாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, அவ்வளவுதான்.

கடைசி வண்டிக்கு விழா எடுத்தார்கள். சித்தப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து செங்கோட்டை ஸ்டேஷனில் எஞ்சினுக்கு வாழை கட்டி, மாலை போட்டு, மைக் செட் வைத்து, வழியனுப்பு விழா. அதில் பள்ளிப் பிள்ளை ஒன்று பேசினால் நன்றாக இருக்கும் என்று என்னைப் பிடித்தார்கள். பேச்சைச் சித்தப்பாவே சொல்லிக்கொடுத்தார். ஆலைகளும் ரயில்களும் இல்லாவிட்டால் இந்த இளம் நாடு எழுந்து நின்றிருக்காது, இருப்புப்பாதைகள் நாட்டின் நரம்புகள், நரம்பு தடித்தால் நாடு தடிக்கும் என்று போகும் அது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயத்தில் அழுகலைப் பிரித்துக்கொண்டே நான் ஒப்பிப்பதைக் கேட்பாள். ஓரிடத்தில் நான் திக்கினால் அவளே எடுத்துக்கொடுக்கிற அளவுக்கு அவளுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. தன் பிழைப்பை நிறுத்துவதற்கான வாழ்த்துரையைத் தானே மகளுக்கு எடுத்துக்கொடுத்தவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அன்று பிளாட்பாரம் கொள்ளாத கூட்டம். அம்மாவுக்கு விழா கிடையாது, வியாபாரம் உண்டு. வழக்கம்போல் கூடையோடு கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். அவள் பெட்டிக்கு நேர் எதிரே மைக். நான் ஒரு பிழையில்லாமல் பேசினேன். கைதட்டல் கிடைத்தது. அதோடு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அம்மாவை அங்கே அத்தனை பேருக்கும் முன்னால் பார்த்ததும் எனக்குச் சித்தப்பா எழுதாத ஒன்றையும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"எங்கள் அம்மாவும் இந்த வண்டியில்தான் வியாபாரத்துக்குப் போகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் எங்கள் அம்மாவை மரியாதையாகப் பாண்டிச்சி என்றுதான் அழைப்பார்கள். பாண்டியர் பெருமை இன்றும் கேரளாவில் வாழ்கிறது."

முதலில் பெட்டிகளுக்குள் இருந்து சிரிப்பு வந்தது. புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகிறவர்கள். பிறகு பிளாட்பாரம் முழுக்கப் பரவியது. சித்தப்பா மைக்கைப் பிடித்தபடியே குலுங்கினார். இன்னும் நன்றாகப் பேசிவிட்டேன் என்று நினைத்து நானும் சிரித்தேன். சிரிக்காதவர்கள் கூடைக்காரப் பெண்கள் மட்டும்தான். அம்மா குனிந்து, ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்த கூடைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். நான் இறங்கி வந்ததும் பக்கத்தில் டீ விற்றுக்கொண்டிருந்தவர் என்னைத் தட்டிக்கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏ பாப்பா, அது மரியாத இல்லம்மா. அவனுவ நம்மாளுகள எளக்காரமாச் சொல்லுத பேரு. வீட்டுல ஒனக்குச் சொல்லலியா?"

நல்ல மனுஷர், நல்லதுக்குத்தான் சொன்னார். அதற்குள் வண்டி ஊதிவிட்டது. கடைசி வண்டியைப் பார்த்து ஊரே கையசைத்தது. கதவோரத்திலிருந்து அம்மா எனக்காகக் கையசைத்தாள். நான் அசைக்கவில்லை. சித்தப்பா எனக்குக் கிரீம் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, "நல்லா சிரிக்க வச்சிட்டட்டி" என்று முதுகில் தட்டினார்.

அன்று திரும்பி வந்த அம்மாவோடு நான் பேசவில்லை. தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பாண்டி நாட்டுக்காரின்னுதானட்டி சொன்னேன். அதுல என்ன பொய்யி?" என்றாள். பொய் இல்லைதான். அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. வருஷக்கணக்காகத் தெருத்தெருவாக அந்தப் பேரைக் கேட்டுக்கொண்டு, அதற்குத் திரும்பிப் பார்த்து, ஓடிப்போய் நின்றிருக்கிறாளே என்று. வகுப்பில் கதை பரவியது. என்னை இரண்டு மூன்று பேர் அப்படிக் கூப்பிட்டார்கள், நான் ஒருத்தியின் கையைக் கடித்தேன். வீட்டில் சித்தப்பாவுக்கு அது நல்ல வேடிக்கையாகிவிட்டது. "பாண்டிச்சி மைனி, ஒரு காப்பி போடுங்க" என்பார். அம்மா சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுப்பாள்.

தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அம்மா பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். கண்டக்டர் கூடையை ஏற்ற மாட்டார், ஏற்றினால் லக்கேஜ் போடுவார், நெரிசலில் காய் பாதி நசுங்கும். கொஞ்சநாள் மல்லுக்கட்டிவிட்டு விட்டுவிட்டாள். மற்றப் பெண்கள் சிலர் பீடிக்குப் போனார்கள், சிலர் செங்கல் சூளைக்கு. அம்மாவுக்கு அப்பாவின் பழக்கத்தில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை கிடைத்தது. சாரல் சீசனில் அருவியில் குளிக்க வருகிறவர்கள் தங்குகிற லாட்ஜ். அவர்கள் நனைத்துப் போட்டுவிட்டுப் போகிற படுக்கை விரிப்புகளைத் துவைக்க வேண்டும். அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் அப்படியே வந்து படுப்பார்கள். அந்த எண்ணெயை எடுக்க அம்மாவுக்குக் கை தோல் உரிந்துவிடும்.

ஆனால் அவள் அதைத் தன் வேலையாக நினைக்கவே இல்லை. மலைப்பக்கமிருந்து யார் வந்தாலும் குகை வேலை முடிந்துவிட்டதா, பாலம் வேலை முடிந்துவிட்டதா என்று கேட்பாள். "வண்டி வரட்டும். எனக்குண்டான வீடுக எங்கயும் ஓடியாப் போவுது?" என்பாள். அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா ஒரு குட்டியானை வாங்கினார், சின்னச் சரக்கு வண்டி. தென்காசியில் காய் ஏற்றிப் புனலூரில் கொண்டுபோய்ப் போடுகிறார் என்று தெரிந்ததும் அம்மா முகம் வாடிவிட்டது. கேட்டேவிட்டாள். சித்தப்பா தோசையைப் பிட்டுக்கொண்டே, "சீச்சீ, நான் கடைகளுக்கு மொத்தமாப் போடுதேன் மைனி. ஒங்க வீடுகள நான் எதுக்குத் தொடுதேன்? வண்டி விட்டதும் நீங்க பாத்துக்கிடுங்க" என்றார். அப்பா அதற்கும் தலையாட்டினார். அம்மா சித்தப்பாவுக்கு இன்னொரு தோசை போட்டாள்.

பெரிய வண்டி வந்தது, வராமல் இல்லை. நான் காலேஜ் போகிற வயசில் வந்தது. நல்ல வண்டி, அதே மலையை மூச்சு வாங்காமல் ஏறுகிறது. அதில் போகிறவர்கள் பாலத்தையும் குகையையும் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். கதவோரம் விசாலமாகத்தான் இருக்கிறது, சித்தப்பா சொன்னதில் தவறில்லை. அவரிடம் இப்போது பல வண்டிகள். பள்ளிக்கூட விழாக்களில் அவரைத்தான் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என்னைக் காலேஜில் சேர்த்துப் படிக்க வைத்தவர் சித்தப்பாதான். நான் பொருளியல் வாத்திச்சி ஆனது அந்தக் குட்டியானை ஓடிய ஓட்டத்தில்தான். நாடு முன்னேறினால் பலன் கடைசி வீடு வரைக்கும் வந்து சேரும் என்று பாடத்தில் வரும் இடத்தில் நான் நிறுத்தாமல் வேகமாக வாசித்துவிடுவேன்.

சொல்ல வந்தது அதையல்ல. சின்ன வண்டி நின்ற மறுவருஷத்துச் சாரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவோடு குற்றாலத்துக்குப் போயிருந்தேன். லாட்ஜுக்குச் சோப்புத்தூள் வாங்கிவர அம்மாவை அனுப்பினார்கள். மெயினருவிக்குப் போகிற கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. தூறலில் நனைந்துகொண்டே ஜனங்கள் பழக்கடைகளிலும் சிப்ஸ் கடைகளிலும் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேர் மலையாளிகள். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"பாண்டிச்சீ. ஏ பாண்டிச்சீ."

கூட்டத்தில் சிலர் முறைத்துப் பார்த்தார்கள். எனக்கு முகம் பற்றி எரிந்தது. அம்மாவோ திரும்பினாள், திரும்பிய வேகத்தில் என் கையை விட்டுவிட்டு ஓடினாள். சிப்ஸ் கடை வாசலில் புனலூர் டீச்சர், மகள் பேரப்பிள்ளைகளோடு நின்றிருந்தார். முற்றத்தைத் தாண்டி அம்மாவை உள்ளே விடாத டீச்சர் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அம்மா வாயெல்லாம் பல்லாக நின்றாள். அவள் முகத்தை அப்படி நான் வருஷத்துக்கு மேல் பார்த்திருக்கவில்லை. எனக்கு அது அசிங்கமாக இருந்தது.

"நீ எந்தா இவிடெ?" என்று கேட்டார் டீச்சர்.

"இங்கன ஒரு லாட்ஜில வேல டீச்சர். வண்டி விடுத வரைக்குந்தான். விட்டதும் மொத ஆளா வந்துருவேன். நல்ல முருங்கக்கா கெடைக்காம செரமப்படுதியளோ?"

டீச்சர் சிரித்தார். அவர் பேசியது பாதி தமிழ், பாதி மலையாளம். "எந்து செரமம்? இப்போ எல்லாம் வண்டியில முற்றத்துக்கே வருந்நுண்டல்லோ. நின்றெ கொழுந்தன் ஹாரன் அடிச்சா போதும், ஞங்கள் எறங்கி வரும். நம்மட தெரு முழுக்க இப்போ அயாள்தான். பாவம், நல்ல மனுஷன்."

 அம்மாவின் சிரித்த வாய் சிரித்தபடியே இருந்தது.

"நீ அனுப்பியதுன்னு அல்லே அயாள் பறஞ்ஞது?" என்று டீச்சரே தொடர்ந்தார். "பாண்டிச்சிக்கு உடம்புக்குச் சுகமில்ல, இனி ஞான்தான் வரும்னு."

"ஆமா டீச்சர்" என்றாள் அம்மா. "நாந்தான் அனுப்புதேன்." பிறகு, "காயி நல்லதாக் கொண்டாரானா? வாடுனதத் தந்தாம்னா வாங்காதிய, என்ன" என்றாள்.

டீச்சர் எனக்கு ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸை நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பேரப்பிள்ளைகள் அருவிக்கு இழுத்தன. போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு டீச்சர் கூட்டத்தில் கலந்தார். அம்மா அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சோப்புத்தூள் வாங்க வந்ததை நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

வாங்கிக்கொண்டு திரும்பும்போது பார்த்தேன், அழுதுகொண்டு நடந்தாள். தூறல் என்று சொல்லித் தப்பிக்க முடியாத அழுகை, தோள் குலுங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. பட்ட பிறகாவது புத்தி வந்ததே என்றுதான் இருந்தது.

"ஊரறிய ஒன்ன அப்படிக் கூப்பிடுதாவ, நீ இளிச்சிக்கிட்டு ஓடுத. இப்பம் அழுது என்ன செய்ய?" என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் தலையில் கைவைத்துச் சொன்னாள்:

"சரிட்டி. நான் அழல. இனும என்ன யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாவ."

அந்தப் பதில் எனக்குப் போதும். வாதத்தில் ஜெயித்துவிட்டவளாக, சோப்புத்தூள் பையை வீசிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் நடந்தேன்.